கொழும்பில் புதுக் குடித்தனம்: காஸ் அடுப்பைக் கையாள்வதும் துப்புரவாக்குவதும்

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ படிப்புக்கும் வேலைக்கும் கொழும்பு வருகிறவர்களில் பலருக்கு, ஓர் அடுப்புக்குத் தனியே பொறுப்பாவது இங்கேதான் முதல் தடவை. ஊரில் விறகடுப்பு இருந்திருக்கும். காஸ் இருந்தாலும் அதை அம்மாதான் பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அனெக்ஸ் எடுத்ததும், முன்பு இருந்தவர் விட்டுப்போன அடுப்பும், எத்தனை வருடப் பழசு என்று யாருக்கும் தெரியாத ஒரு றப்பர் குழாயும் கைக்கு வந்து சேரும். வீட்டுக்காரரைக் கேட்டால் "அது நல்லாத்தான் வேலை செய்யுது" என்பார்.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடு முழுவதும் காஸ் வெடிப்புகளும் தீ விபத்துகளும் அடுத்தடுத்துச் செய்தியில் வந்தது பலருக்கு நினைவிருக்கும். விசாரிக்கக் குழு போட்டார்கள். சிலிண்டருக்குள் புரொப்பேன் எவ்வளவு, பியூட்டேன் எவ்வளவு என்ற வாதம் வீட்டுக்கு வீடு நடந்தது. அந்த விகிதத்தில் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சிலிண்டரின் வாயில் பூட்டும் ரெகுலேட்டரிலிருந்து, நெருப்பு எரியும் பேர்னர் வரையுள்ள அந்தச் சில அடி தூரம்தான் நம் கையில் இருக்கிறது. இங்கே எழுதுவதெல்லாம் அதைப் பற்றித்தான். துப்புரவாக்குவதையும் சேர்த்தே சொல்கிறேன். ஏனென்றால் எண்ணெய்ப் பிசுக்கு மூடிய அடுப்பில் வெடிப்பு விட்ட குழாயும் கண்ணில் படாது, அடைபட்ட பேர்னரும் கண்ணில் படாது.

பற்றவைக்கும் முன்: இருப்பதைப் பாருங்கள்

முதலில் றப்பர் குழாய். கையில் எடுத்து அங்குலம் அங்குலமாக வளைத்துப் பாருங்கள். வளைக்கும் இடத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ, குழாய் விறைத்துக் கட்டையாகிவிட்டாலோ, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டினாலோ அது போக வேண்டியதுதான். எலி கடித்த தடமும் இருக்கலாம். பழைய வீடுகளில் இது வேடிக்கைப் பேச்சில்லை. குழாயில் தயாரித்த திகதி அச்சிட்டிருந்து, இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். திகதியே வாசிக்க முடியாத நிலை என்றால் யோசிக்கவே வேண்டாம். ஒரு மாதக் காஸ் செலவோடு பார்த்தால் புதுக் குழாய் பெரிய காசில்லை.

வாங்கும்போது காஸுக்கென்று செய்த, எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தரநிலை) முத்திரையுள்ள குழாயையே கேளுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். காஸ் அதன் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும். நீளம் ஒன்றரை மீற்றருக்குள் இருக்கட்டும். நடுவில் ஒட்டுப் போட்டு நீட்டிய குழாய் கூடாது. அடுப்பின் பின்புறமாக, சூடு படும் இடத்தால் குழாயைக் கொண்டுபோகவும் கூடாது. இரண்டு முனையிலும் திருகி இறுக்கும் உலோகக் கிளிப் இருக்க வேண்டும். சிலர் கட்டுக்கம்பியால் சுற்றி வைத்திருப்பார்கள். அது குழாயை வெட்டும்.

அடுத்தது ரெகுலேட்டர். லிட்ரோவின் நீலச் சிலிண்டருக்கு வாங்கியது லாஃப்ஸின் மஞ்சள் சிலிண்டருக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். உங்களிடம் இருக்கும் சிலிண்டரின் நிறத்தைக் கடையில் சொல்லியே வாங்குங்கள். இறுகப் பிடிக்காத ரெகுலேட்டரைத் துணி சுற்றியோ சவர்க்காரக் கட்டியைத் தேய்த்தோ சமாளிக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. ரெகுலேட்டர் திருத்திப் பாவிக்கிற சாமான் இல்லை, புதிது வாங்குகிற சாமான்.

மூன்றாவது, சிலிண்டர் நிற்கும் இடம். இதில்தான் கொழும்பின் சின்னக் குசினிகள் நம்மைச் சோதிக்கும். காஸ் காற்றைவிடப் பாரமானது. புரொப்பேன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடாது, நிலத்தோடு படர்ந்து மூலைகளில் தேங்கும். அதனால் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிலமட்டத்தில் நெருப்போ பொறியோ வரக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. நெருப்பு என்றால் பலருக்கு அடுப்பு மட்டுமே நினைவுக்கு வரும். ஒற்றை அறை வீடுகளில் சாமிப்படம் குசினி மூலையில்தான் இருக்கும், அதன் முன் விளக்கும் இருக்கும். மாலையானால் நிலத்தில் நுளம்புத்திரி கொளுத்தி வைப்போம். குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கமும், கீழ்மட்டத்து மின் சொக்கெட்டும் இதே கணக்குத்தான். விளக்கையும் திரியையும் வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் சிலிண்டரையாவது எதிர் மூலைக்கு நகர்த்துங்கள்.

சிலிண்டரை மேடைக்குக் கீழே அலுமாரிக்குள் அடைப்பது பார்வைக்கு அழகு. ஆனால் கதவை மூடிவிட்டால் கசிவு உள்ளேயே சேரும். அலுமாரிதான் ஒரே வழி என்றால் கதவைக் கழற்றிவிடுங்கள், அல்லது அதன் அடிப்பாகத்தில் காற்றோட்டத் துளை போடச் சொல்லுங்கள். மேற்பாகத்தில் போட்ட துளையால் இந்த வாயுவுக்குப் பயனில்லை. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அடிக்காஸையும் பிழிந்தெடுக்கலாம் என்று படுக்க வைத்தால், வாயு போக வேண்டிய ரெகுலேட்டருக்குள் திரவமே போய்விடும். ஒரு லீற்றர் திரவம் வெளியே வந்து வாயுவானால் ஏறத்தாழ 250 லீற்றர் ஆகும். மிச்சம் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால் ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டுக் கவனியுங்கள். திரவம் இருக்கும் மட்டம் வரை ஈரம் காயத் தாமதமாகும்.

புதிய தொடர்மாடிகள் சிலவற்றில் கீழே ஓரிடத்தில் சிலிண்டர்களை வரிசையாக வைத்து, குழாய் வழியே ஒவ்வொரு வீட்டுக்கும் காஸ் கொடுப்பார்கள். வீட்டுக்குள் மீட்டர் இருக்கும். அப்படியான வீட்டில் உங்களுக்குச் சிலிண்டர் தூக்குகிற வேலை மிச்சம். ஆனால் குடிவந்த அன்றே மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். அதன் பிடி குழாயோடு நேராக நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

சிலிண்டர் மாற்றும் முறை

கடைக்குச் சொன்னால் சிலிண்டரைக் கொண்டுவந்து பூட்டியும் தருவார்கள். அவர் பூட்டிவிட்டு அவசரமாகப் படியிறங்கப் பார்ப்பார். சோதித்து முடியும்வரை நிற்கச் சொல்லுங்கள்; அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நீங்களே மாற்றுவதானால் வரிசை இது:

1. அடுப்பின் எல்லாக் குமிழ்களையும் மூடுங்கள். விளக்கு, நுளம்புத்திரி, சிகரெட் எல்லாவற்றையும் அணைத்து, யன்னலையும் கதவையும் திறந்து விடுங்கள்.

2. ரெகுலேட்டரின் சுவிட்சை மூடிவிட்டு, அதைச் சிலிண்டரிலிருந்து விடுவியுங்கள். வெறும் சிலிண்டர் என்று நாம் சொல்வதற்குள்ளும் கொஞ்சம் காஸ் இருக்கும். ஆகவே அதன் மூடியைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

3. புதுச் சிலிண்டரின் முத்திரை உடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வால்வுக்குள் இருக்கும் றப்பர் வளையம் இடத்தில் இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வளையம் இல்லையென்றால் சிலிண்டரைத் திருப்பி அனுப்புங்கள். சிலிண்டரின் வெற்று எடை அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும். நிறை குறைவு என்று சந்தேகம் வந்தால் அந்த எண்ணைக் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். பெரிய சிலிண்டரில் காஸ் மட்டும் 12.5 கிலோ இருக்க வேண்டும்.

4. ரெகுலேட்டரை வால்வின் மேல் நேராக வைத்து அமர்த்துங்கள். அது பிடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கும். பிறகு மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் சரியாகப் பூட்டவில்லை.

5. ரெகுலேட்டர் சுவிட்சைத் திறங்கள். அடுப்புக் குமிழ்களைத் தொட வேண்டாம்.

6. கொஞ்சம் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலக்கி நுரைக்க வைத்து, ரெகுலேட்டர் அமர்ந்த இடம், கிளிப்புகள், குழாய் முழுக்கத் தடவுங்கள். ஓரிடத்தில் குமிழி வளர்ந்துகொண்டே வந்தால் அங்கே கசிகிறது. குமிழி இல்லையென்றால் துடைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கலாம்.

தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்க்கும் வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் வீட்டுக்கு உதவிக்கு வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

காஸ் மணம் வந்தால்

காஸுக்குச் சொந்தமாக மணம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் எத்தில் மேர்கப்டன் என்ற சேர்மத்தைக் கலக்கிறார்கள். அழுகிய கோவா மணம் அதனால் வருவது. தடிமன் பிடித்திருக்கும் நாளில் உங்கள் மூக்கை நம்பாமல் வீட்டில் இன்னொருவரைக் கேளுங்கள்.

மணம் வந்தவுடன் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும், லைட்டைப் போட்டுப் பார்ப்போமே என்று. அதுதான் செய்யக் கூடாதது. சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே சிறு பொறி விழும். காற்றில் இந்த வாயு ஏறத்தாழ 2 வீதத்திலிருந்து 10 வீதம் வரை கலந்திருந்தால் அந்தப் பொறி போதும். எக்ஸோஸ்ட் ஃபானையும் போட வேண்டாம். எரிகிற மின்விளக்கு எரியட்டும், ஓடுகிற ஃபான் ஓடட்டும். இருட்டில் மெழுகுதிரி, லைட்டர் கூடவே கூடாது. மின்வெட்டு நேரத்தில் மணம் வந்தால் இதை இரண்டு மடங்கு நினைவில் வைக்க வேண்டும்.

நெருப்பு ஏதும் எரிந்தால் அணையுங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, யன்னல் எல்லாவற்றையும் அகலத் திறங்கள். நிலத்தோடு படிந்த காஸ் வெளியேற வாசல் கதவு திறந்திருப்பதுதான் பெரிய உதவி. ரெகுலேட்டரை மூடியும் சிலிண்டர் வால்விலிருந்தே சீறினால், பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லையென்றும் தூக்க முடியும் என்றும் இருந்தால் மட்டும் அதைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோய் நிமிர்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிட்டு எல்லாரும் வெளியேறுங்கள். லிஃப்ட்டில் போகாமல் படியால் இறங்குங்கள். தொலைபேசியை வெளியே வந்த பிறகு எடுங்கள். தீயணைப்புக்கு 110. சிலிண்டர் நிறுவனத்தின் அவசர எண்ணையும் கைப்பேசியில் முன்கூட்டியே பதிந்து வைப்பது நல்லது.

சுவாலையை வாசிக்கப் பழகுங்கள்

நல்ல சுவாலை நீலமாக, சத்தமில்லாமல், பேர்னரின் துளைகளோடு ஒட்டி நிற்கும். அது மஞ்சளாகிச் சோம்பலாக ஆடினால், பாத்திரத்தின் அடியில் கரி படிந்தால், காஸுக்குப் போதிய காற்று கிடைக்கவில்லை. அரைகுறையாக எரியும் காஸிலிருந்து காபன் மொனொக்சைட் வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மழைக்காக யன்னலை அடைத்துவிட்டுச் சின்னக் குசினியில் நீண்ட நேரம் சமைக்கையில் தலையிடித்தால், சமையலை நிறுத்தி வெளியே போய்க் காற்று வாங்குங்கள்.

ஆனால் எல்லா மஞ்சளும் பழுதில்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள், நீலச் சுவாலைக்குள் செம்மஞ்சள் பொட்டுகள் மின்னுவதைப் பார்த்திருப்பார்கள். காற்றிலுள்ள உப்பின் சோடியம் எரியும் நிறம் அது. உப்புப் போட்ட கறி பொங்கி பேர்னரில் காய்ந்திருந்தாலும் அப்படித்தான் தெரியும். பொட்டுப் பொட்டாக வந்து மறைந்தால் பயமில்லை. சுவாலை முழுதும் மஞ்சளாகிக் கரி தள்ளினால்தான் கவனிக்க வேண்டும்.

கடல் பக்கத்துக் குசினிக்கு இன்னொரு தொல்லை காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று யன்னலால் அடித்து, மெல்லிய நெருப்பில் வைத்த அடுப்பை அணைத்துவிடும். நீங்கள் அறையில் இருப்பீர்கள், காஸ் வந்துகொண்டிருக்கும். அடுப்புக்கு நேரே காற்றடிக்கும் யன்னலைப் பாதி சாத்தி, வேறு பக்க யன்னலைத் திறந்து வையுங்கள். புது அடுப்பு வாங்கும் எண்ணம் இருந்தால், சுவாலை அணைந்தால் தானாகக் காஸை நிறுத்தும் அமைப்புள்ளதைத் தேடி வாங்குங்கள். பேர்னர் பக்கத்தில் சின்னக் குச்சி போல ஒன்று நிற்கும். அது சூடாக இருக்கும்வரைதான் வால்வு திறந்திருக்கும். இத்தகைய அடுப்பில் பற்றிய பிறகும் குமிழைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். அது தெரியாமல் "அடுப்பு பழுது" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

பற்றவைக்கும்போது குமிழைத் திறந்து இரண்டு மூன்று சொடுக்கில் பற்றாவிட்டால் மூடிவிடுங்கள். ஒரு நிமிடம் விட்டுத் திரும்ப முயலுங்கள். தொடர்ந்து சொடுக்கிக்கொண்டே இருந்தால் சேர்ந்த காஸ் ஒரேயடியாகப் பற்றி முகத்துக்கு வரும். காஸ் ஓவன் என்றால் கதவைத் திறந்து வைத்தே பற்றவைக்க வேண்டும்.

எண்ணெய் வைத்த தாச்சி

வீட்டுக் குசினியில் நெருப்புப் பிடிப்பதென்றால் நான் முதலில் சந்தேகப்படுவது பொரிக்கும் தாச்சியை. மீன் பொரியலுக்கும் வடைக்கும் எண்ணெய் வைத்துவிட்டுத் தொலைபேசி எடுக்கப் போவது, கதவு தட்டுகிறார்கள் என்று போவது, இப்படித்தான் தொடங்கும். தேங்காய் எண்ணெய் புகைய ஆரம்பித்தால் அது அளவுக்கு மிஞ்சிச் சூடாகிவிட்டது என்று அர்த்தம். நெருப்பைக் குறையுங்கள். தாச்சியில் பாதிக்கு மேல் எண்ணெய் விட வேண்டாம். மீனின் ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டுப் போடுங்கள்.

எண்ணெய் பற்றிக்கொண்டால் அடுப்பை அணையுங்கள், தாச்சியை ஒரு மூடியாலோ பெரிய தட்டாலோ பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுங்கள், அப்படியே ஆற விடுங்கள். ஆறும்முன் திறந்து பார்த்தால் மறுபடி பற்றும். தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்குக் கீழே போய் ஒரே கணத்தில் ஆவியாகும். ஆவியானால் அதன் கனஅளவு ஏறத்தாழ 1,700 மடங்கு. எரியும் எண்ணெயையும் அது தூக்கிக்கொண்டு கூரை வரை போகும். தாச்சியைத் தூக்கிக்கொண்டு சிங்குக்கு ஓடுவதும் அதே அளவு ஆபத்து. இதற்காகவே பொரிக்கும்போது பொருத்தமான மூடியை எட்டும் தூரத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் எண்ணெய் விட வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. நைலோன் நைட்டி, தொங்கும் துப்பட்டா வேண்டாம், பருத்தி உடுப்பு நல்லது. பாத்திரப் பிடிகள் உட்பக்கம் பார்க்கட்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பின்வரிசை அடுப்பைப் பாவியுங்கள், இரவில் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள். கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடுப்பு எரியும்போது அடிக்காதீர்கள், அதிலுள்ள வாயு தானே பற்றும்.

துப்புரவு: அன்றாடம் ஒன்று, வாராந்தம் ஒன்று

அன்றாட வேலை ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாது. சமையல் முடிந்து அடுப்பு இளஞ்சூட்டில் இருக்கும்போது, சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். சொதி, தேங்காய்ப்பால் கறி பொங்கி வழிந்தால் அது அன்றே போக வேண்டும். அடுத்த நாள் அதன்மேல் இன்னொரு முறை சூடேறினால் கறுத்து ஒட்டிவிடும், பிறகு தும்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது. சோற்றுக் கஞ்சி இன்னும் மோசம். அதன் மாப்பொருள் பேர்னர் துளைகளுக்குள் இறங்கிக் காய்ந்து அடைத்துக்கொள்ளும். சோறு வடிக்கும்போது மூடியைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் இந்த வேலை பாதி குறையும்.

வாரம் ஒருமுறை முழுத் துப்புரவு. ரெகுலேட்டரை மூடுங்கள். தானாகப் பற்றும் அடுப்பு மின்சாரத்தில் ஓடுவதென்றால் பிளக்கைக் கழற்றுங்கள். எல்லாம் ஆறிய பின் பாத்திரம் தாங்கும் கம்பிகளையும் பேர்னர் தலைகளையும் எடுத்து, சுடுதண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து அரை மணி நேரம் ஊற விடுங்கள். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

பேர்னர் எதனால் செய்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பித்தளையாக இருந்தால் புளியோ தேசிக்காயோ போட்டுத் தேய்க்கலாம், குத்துவிளக்கு துலக்குகிற அதே வேலைதான். அலுமினியமாக இருந்தால் அப்பச்சோடா கரைத்த சுடுநீரிலும், ஓவன் துப்புரவாக்கும் காரத் திரவத்திலும் ஊறப் போடாதீர்கள். கறுத்துவிடும், காரம் கடுமையானால் அரித்தும் விடும். அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசுவது எனாமல் தட்டுக்கும் துருப்பிடிக்காத எஃகுக்கும் பொருந்தும்.

அடைபட்ட துளைகளை ஓர் ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுங்கள். பல்லுக் குத்தும் குச்சி உள்ளே முறிந்து நின்றுவிடும். நடுவில் கீழே தெரியும், காஸ் வெளிவரும் ஜெட்டின் ஒற்றைத் துளையை மட்டும் குத்த வேண்டாம். அதன் அளவைக் கணக்குப் பார்த்துத்தான் துளைத்திருக்கிறார்கள். கொஞ்சம் பெரிதானாலும் காஸ் கூடி, சுவாலை மஞ்சளாகும். பேர்னருக்குக் கீழே போகும் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கும், கரப்பான் முட்டையும் இருக்கும். கொஞ்சநாள் பாவிக்காத அடுப்பில் இது அடிக்கடி நடக்கும். அப்போது சுவாலை மேலே வராமல் உள்ளுக்குள்ளேயே 'புஸ்' என்ற இரைச்சலோடு எரியலாம். உடனே அணைத்து, ஆறவிட்டு, மெல்லிய நீளப் பிரஷ்ஷை விட்டுத் துடைத்தெடுங்கள்.

கழுவிய பாகங்கள் முழுதாகக் காய வேண்டும். ஈரத்தோடு பூட்டினால் சுவாலை துள்ளும், தானாகப் பற்றும் சொடுக்கி நிற்காமல் சொடுக்கிக்கொண்டே இருக்கும். பேர்னர் மூடி அதன் பள்ளத்தில் சரியாக அமராவிட்டால் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் எரியும். எல்லாவற்றையும் பூட்டி முடித்ததும் ஒருமுறை பற்றவைத்துச் சுவாலையைச் சுற்றிப் பாருங்கள். அப்படியே குழாயையும் கிளிப்பையும் ஒரு பார்வை பாருங்கள், சவர்க்கார நுரை கையிலேயே இருக்கிறது.

கண்ணாடி மேல்தட்டு அடுப்பு எனக்கு அவ்வளவு பிடித்தமில்லை. துடைக்கச் சுகம் என்பது உண்மை. ஆனால் சூடான கண்ணாடியில் குளிர்ந்த ஈரத்துணி பட்டாலோ, அடுப்பின் அளவை மிஞ்சிய பெரிய அண்டாவை வைத்து வெப்பம் கீழே திரும்பினாலோ அது ஒரேயடியாகச் சிதறலாம். உங்கள் வீட்டில் அதுதான் இருக்கிறது என்றால் முழுதாக ஆறிய பின்னரே துடையுங்கள், கம்பிச்சுருளால் தேய்த்துக் கீறல் விடாதீர்கள், விசேஷத்துக்குப் பெரிய சட்டியில் புக்கை பொங்குவதை வேறு அடுப்புக்கு விடுங்கள். அடுப்பின் மேல் அலுமினியத் தாள் விரித்துச் சுத்தமாக வைத்திருக்கும் முறையும் வேண்டாம். பேர்னருக்குக் காற்று போகும் வழியை அது அடைத்துவிடும்.

மேலே புகை உறிஞ்சி இருந்தால் அதன் வலையை மாதம் ஒருமுறை கழற்றிச் சுடுநீரில் கழுவுங்கள். அதில் தேங்கும் எண்ணெய்தான் தாச்சி நெருப்பைக் கூரைக்குக் கொண்டுபோவது.

இரசாயனம் பற்றி ஒன்று. வினாகிரி, தேசிக்காய், கழிவறைக்கு வாங்கிய அமிலத் திரவம் எதையும் பிளீச்சோடு சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். யன்னலில்லாத சின்னக் குசினியில் அது நெஞ்சைப் பிடித்துவிடும்.

மின்சார அடுப்பு

2022 காஸ் வரிசைகளுக்குப் பிறகு இன்டக்ஷன் அடுப்பும் ஹொட்பிளேட்டும் பல வீடுகளுக்கு வந்தன. 230 வோல்ட்டில் 13 அம்பியர் பிளக் தாங்குவது ஏறத்தாழ 3,000 வாட். ஒற்றை இன்டக்ஷன் அடுப்பை நேரே சுவர் சொக்கெட்டில் போடலாம். மல்டி பிளக்கில் ரைஸ் குக்கரோடு சேர்த்துப் போட்டால் வயர் சூடாகும். நான்கு தட்டும் ஓவனும் உள்ள பெரிய அடுப்புக்குத் தனி வயர் இழுக்க வேண்டும். அதை எலெக்ட்ரீஷியன் செய்யட்டும். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால் அதைத் தூக்கித் தூக்கி விடாமல் ஆளைக் கூப்பிடுங்கள். துப்புரவாக்கும்போது பிளக் வெளியே இருக்க வேண்டும். அடியில் காற்றை இழுக்கும் துளைகளில் தூசி சேர்ந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

கை சுட்டுக்கொண்டால்

ஓடும் குழாய்த் தண்ணீருக்குக் கீழே இருபது நிமிடம் பிடியுங்கள். இருபது நிமிடம் நீளமாகத் தோன்றும், இடையில் எடுக்காதீர்கள். மோதிரம், வளையலை வீங்குமுன் கழற்றுங்கள். பற்பசை, நெய், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். உள்ளங்கையைவிடப் பெரிய காயம், முகம், மூட்டு, குழந்தை என்றால் வைத்தியசாலைக்கே போக வேண்டும். அம்புலன்ஸுக்கு 1990 இலவசம். 110, 1990, சிலிண்டர் நிறுவனத்தின் எண், காஸ் கடைக்காரரின் எண் நான்கையும் பெரிய எழுத்தில் எழுதிக் குசினிக்கு வெளியே, வாசல் பக்கம் ஒட்டுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினால் தேவைப்படும் நேரத்தில் அந்தப் பக்கம் போக முடியாது.

வீடு மாறும்போது சிலிண்டரை ஓட்டோவில் கொண்டுபோவதானால் ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வு மூடியைப் போட்டு, நிமிர்த்திக் கட்டி, பக்கத் திரையைச் சுருட்டிவிட்டுப் போங்கள். சிலிண்டர் வாங்கிய பற்றுச்சீட்டை எடுத்து வைக்கவும் மறக்க வேண்டாம். றப்பர் குழாயைக் கொண்டுபோக வேண்டியதில்லை. புதுவீட்டில் புதிதாகவே போடுங்கள்.